படித்துக் காட்டினேன் என்று நான் போட்ட கையெழுத்து

நம் குமாஸ்தா சங்க மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள், அனுபவமாக இருந்தால் நல்லது என்று கேட்டீர்கள். நல்ல அனுபவங்களை எல்லாம் ஓய்வு பெற்ற அன்றைக்கே மைக்கைப் பிடித்துச் சொல்லி முடித்துவிட்டேன். மிச்சம் இருப்பது ஒன்றுதான். அதைச் சொன்னால் கோபம் வருகிறது. கோபம் வந்தால் வரட்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். எழுத்துப் பிழை இருந்தால் திருத்துங்கள். கோபத்தைத் திருத்தாதீர்கள்.

போன மாதம் பூந்தமல்லி கோர்ட்டுப் பக்கம் வந்திருந்தேன். டைப்பிங் கடை வாசலில் உங்களில் நாலைந்து பேர் நின்றீர்கள். ஒரு தம்பி, பேர் சொல்ல மாட்டேன், போனில் இரண்டு வரி தட்டினார். டீ ஆறுவதற்குள் ஒரு வழக்குக்குப் பதிலுரை வந்து விழுந்தது. "பாத்தியா பெருசு, இனிமே சீனியர் எதுக்கு, நாம எதுக்கு?" என்றார். எல்லாரும் சிரித்தீர்கள். நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனேன். ஏன் போனேன் என்பதுதான் இது.

நான் அஞ்சாம் வகுப்பு. வக்கீல் குமாஸ்தாவாக நாற்பது வருடத்துக்கு மேல் ஒரே ஆபீசில் இருந்தேன். முதலில் அப்பா வக்கீலிடம், பிறகு பிள்ளை வக்கீலிடம். நான் 'ஐயா' என்று இதில் சொல்வது பிள்ளையை. இங்கிலீஷ் எனக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. வழக்குக் கட்டுகளின் மேலட்டையைப் பார்த்துப் பார்த்து வந்தது. கோர்ட் இங்கிலீஷ் என்பது திரும்பத் திரும்ப வரும் முப்பது நாற்பது வாக்கியம். பாட்டு மாதிரி. தாளம் தெரிந்தால் அர்த்தமும் தெரிந்துவிடும்.

நான் சேர்ந்தபோது அங்கே ஒரு பெரிய குமாஸ்தா இருந்தார். வெற்றிலைக் கறை படிந்த சட்டை, கத்தல் குரல். கைரேகை வைக்கிற கட்சிக்காரர் வந்தால் மனுவை முழுசாகத் தமிழில் சொல்லிக் காட்டாமல் மைப்பெட்டியைத் திறக்கவே மாட்டார். ஒருமுறை மாங்காட்டுப் பக்கத்தில் பூக்கட்டுகிற ஒரு அம்மா வந்தார். பாகப்பிரிவினை வழக்கு. பெரியவர் நாலு எல்லையும் சொல்லிக்கொண்டே வந்தார். "வடக்கே ரோடு" என்றதும் அந்த அம்மா, "ரோடா? வடக்க குட்டைங்க. ரோடு கெயக்கால" என்றார். அப்படியே தாக்கல் செய்திருந்தால் பக்கத்துக்காரன் நிலத்துக்கு வழக்குப் போட்டிருப்போம். அது தெரிய வர நாலு வருடம் ஆகியிருக்கும். பெரியவர் என்னைப் பார்த்து, "டேய், மனுவுல தப்பு எங்க இருக்குன்னு வக்கீலுக்குத் தெரியாது, டைப் அடிச்சவனுக்குத் தெரியாது. யாரு வாழ்க்கையோ அவங்களுக்குத்தான் தெரியும். அதுக்குத்தான் படிக்கிறது" என்றார். அந்த அம்மாவின் கையில் மல்லிகை நார் சுற்றியிருந்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

மனுவின் அடியில், 'உள்ளடக்கம் தமிழில் படித்துக் காட்டி விளக்கப்பட்டது, புரிந்துகொண்டு ரேகை வைத்தார்' என்று ஒரு வரி எழுதி, படித்தவர் கையெழுத்துப் போட வேண்டும். பெரியவர் காலத்தில் அதைக் கையால் எழுதுவோம். அவர் போன பிறகு நான்தான் அதற்கு ரப்பர் ஸ்டாம்ப் செய்து வைத்தேன். நேரம் மிச்சம். ஸ்டாம்ப் வந்த பிறகு படிப்பது குறைந்தது. அவசரமான நாளில் நின்றே போனது. உங்கள் மேஜையிலும் இப்போது அந்த ஸ்டாம்ப் இருக்கிறது. எனக்குத் தெரியும்.

மண்ணூர்பேட்டையில் எல்லம்மா என்று ஒருவர். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி கேண்டீனில் பாத்திரம் கழுவுகிறவர். அவர் அப்பா அந்தப் பக்கம் நிலங்களில் கூலி வேலை செய்தவர். நிலமெல்லாம் கம்பெனியான காலத்தில், ஒரு மூலையில் வீடு கட்டிக் குடியிருந்தார். அவர் செத்து எல்லம்மா அதே வீட்டில் இருந்தார். வரி ரசீது அவர் பேரில், கரண்ட் அவர் பேரில். திடீரென்று பழைய நிலக்காரரின் பேரன், அது எங்கள் தாத்தா நிலம், காலி செய்து தர வேண்டும் என்று வழக்குப் போட்டார். சம்மன் வந்தது.

எல்லம்மாவின் மருமகன் பிரவீன், தென்காசிப் பக்கத்துப் பையன். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, அம்பத்தூரில் அபார்ட்மெண்ட். கெட்ட பையன் இல்லை. மாமியார் மேல் பாசம் உண்டு. அவர் செய்தது இதுதான்: சம்மனைப் போனில் படம் பிடித்து, செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்து, பதிலுரை எழுதச் சொன்னார். எழுதியது. பன்னிரண்டு பக்கம்.

பதிலுரை தாக்கல் செய்யக் கடைசி நாள் அன்றைக்கு மதியம் இருவரும் ஆபீசுக்கு வந்தார்கள். ஐயா திருவள்ளூரில் வேறொரு வழக்கில் இருந்தார். அன்று தாக்கல் ஆகாவிட்டால் அந்த அம்மா இல்லாமலே தீர்ப்பு ஆகிவிடும்.

"எல்லாம் ரெடியா இருக்கு சார். வக்கீல் சார் சைன் மட்டும் போட்டாப் போதும்" என்றார் பிரவீன்.

"யாரு எழுதினது?"

"ஏஐ தான் சார். நான் ரெண்டு தடவை செக் பண்ணிட்டேன். கிராமர் எல்லாம் பக்கா."

வாங்கிப் பார்த்தேன். என்னத்தைச் சொல்ல. எனக்குத் தெரிந்த பாட்டு அதில் இல்லை. வழவழவென்று ஒரு இங்கிலீஷ். பெரிய பெரிய வார்த்தை. நடுவில் மூன்று தீர்ப்புகளின் பேர், வருடம், பக்கம். பதிலுரையில் எவனும் தீர்ப்பை எழுத மாட்டான். அது கடைசியில் வாதத்தில் சொல்வது. முதல் வருடக் குமாஸ்தாவுக்குக்கூட அது தெரியும். அதைப் பார்த்தபோதே நான் விழித்திருக்க வேண்டும். நான் மலைத்துப்போனேன்.

"படிச்சுப் பாத்தீங்களா சார், ஓகேவா?" என்று கேட்டார் பிரவீன்.

இந்த இடத்தில்தான், தம்பிகளா, தங்கச்சிகளா, நான் சறுக்கினேன். எனக்குப் புரியவில்லை என்று அந்தப் பையன் முன்னால் சொல்ல வெட்கமாக இருந்தது. நாற்பது வருட சர்வீஸ், அஞ்சாம் வகுப்பு. "பாத்துட்டேன், நல்லாத்தான் கீது" என்றேன்.

எல்லம்மா வெயிலில் வந்து முகம் வெளுத்து உட்கார்ந்திருந்தார். ஒரு கோலி சோடா வாங்கிக் கொடுத்தேன். குடித்துவிட்டு, "இன்னா அண்ணாத்தே, ஊடு தங்குமா?" என்றார். "தங்கும்மா, ரேகை வை" என்றேன். வைத்தார். பக்கத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு ரேகை. கடைசிப் பக்கத்தில் ஸ்டாம்பை அடித்து, படித்துக் காட்டியவன் என்று என் கையெழுத்தைப் போட்டேன். நாலரை மணிக்கு ஐயா ஓடி வந்தார். "படிச்சியா?" என்றார். "படிச்சேன்" என்றேன். என்னை நம்பிக் கையெழுத்துப் போட்டார். தாக்கல் ஆகிவிட்டது.

அடுத்த வாய்தாவில் எதிர்த்தரப்பு வக்கீல் ஒரு மனு போட்டார். பிரதிவாதியே தன் பதிலுரையில் எங்கள் தரப்பை ஒப்புக்கொண்டுவிட்டார், அதனால் சாட்சி விசாரணை எதுவும் வேண்டாம், உடனே தீர்ப்புக் கொடுங்கள் என்று. ஐயா முகம் செத்துவிட்டது. ஆபீசுக்கு வந்து பதிலுரையைப் பிரித்து ஏழாம் பக்கத்தில் விரலை வைத்தார். அங்கே, 'பிரதிவாதியின் தந்தை, வாதியின் பாட்டனாரின் பெருந்தன்மையான அனுமதியின் பேரில் மேற்படி மனையில் குடியேறினார்' என்று இருந்தது.

இதன் விஷம் புதிதாக வந்தவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். தனியார் நிலத்தில் ஒருவர் உடையவனை எதிர்த்து, தன்னுடையது என்றே வெளிப்படையாகப் பன்னிரண்டு வருடத்துக்கு மேல் அனுபவித்திருந்தால், வழக்கில் நிற்க ஒரு கால் இருக்கிறது. அனுமதி வாங்கிக் குடியிருந்தேன் என்று சொன்னால் அந்தக் கால் போயிற்று. நூறு வருடம் இருந்தாலும் விருந்தாளிதான். அந்தப் 'பெருந்தன்மையான அனுமதி' என்ற ஒரு வார்த்தைக்குள் எல்லம்மாவின் வீடு மொத்தமும் போய்விட்டது. அந்த மூன்று தீர்ப்புகளையும் ஐயா தேடினார். இரண்டு இந்த விஷயத்துக்குச் சம்பந்தமே இல்லை. மூன்றாவது உலகத்திலேயே இல்லை.

மனு விசாரணைக்கு வந்த அன்று நீதிபதி அம்மா எல்லம்மாவை முன்னால் கூப்பிட்டார். நல்லவர். பொறுமையாகத்தான் கேட்டார்.

"அம்மா, இது உங்க ரேகையா?"

"ஆமாங்க."

"இதுல இருக்கிறதைத் தமிழ்ல உங்களுக்குப் படிச்சுச் சொன்னாங்களா? பயப்படாம சொல்லுங்க."

எல்லம்மா திரும்பிப் பார்த்தார். நான் சுவர் ஓரமாக வழக்குக் கட்டை இடுக்கிக்கொண்டு நிற்கிறேன். அவர் இல்லை என்று சொன்னால் வழக்குப் பிழைக்க வழி உண்டு. நான் செத்தேன். அந்தப் பெண் ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார்.

"சொன்னாருங்க. அதோ நிக்கிறாரே, அவருதான். தங்கமான மனுசன்."

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். குமாஸ்தா கோர்ட்டில் பேசக் கூடாது என்பது வழக்கம். நாற்பது வருடமாக மதித்த வழக்கம். அன்றைக்கு அந்த வழக்கத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். நீதிபதி எழுதிக்கொண்டார்.

வெளியே வராந்தாவில் எல்லம்மா என்னிடம் வந்து, "அதுல இன்னாதான் எழுதிக்கீது?" என்று கேட்டார். முதல்முறையாகக் கேட்கிறார். முதல்முறையாக நானும் சொன்னேன். "உங்க அப்பா, அவங்க தாத்தாகிட்ட அனுமதி வாங்கி..."

"யாரு? எங்க நைனாவா?" அவர் குரலுக்கு வராந்தாவே திரும்பியது. "இன்னா அண்ணாத்தே பேசற? நான் அப்போ பாவாட கட்டிகினு இருந்தேன். அவங்க ஆளுங்க எல்லக்கல்லு நட வந்தாங்க. எங்க நைனா கடப்பாரைய எட்த்துகினு வந்து அத்தினி கல்லையும் புடுங்கி ரோட்டாண்ட கடாசினாரு. போலீசு இட்டுகினு பூட்ச்சு. மூணு நாளு வெச்சினு இருந்தாங்க. வந்தாரு, அதே எடத்துல ஊடு கட்டினாரு. அனுமதியாம் அனுமதி! அவங்க மொகத்துல முழிக்கவே மாட்டாரு அவரு."

கேட்டீர்களா? எதிர்த்து நின்றதற்கு இதைவிட என்ன வேண்டும்? ஒரு வக்கீல் தவம் கிடந்தாலும் கிடைக்காத விஷயம். பதிலுரையின் முதல் பக்கத்தில் இருந்திருக்க வேண்டியது. பன்னிரண்டு பக்கத்தை நான் வாய்விட்டுப் படித்திருந்தால், ஏழாம் பக்கத்தில் இந்தக் குரல் ஆபீசுக்குள் கேட்டிருக்கும். அரை மணி நேர வேலை.

"அப்புறம் ஏம்மா உள்ள அப்படிச் சொன்ன?"

"பின்ன? அத்தினி பேரு எதுர்க்க உன்ன எப்டி காட்டிக் குடுக்கறது? அன்னிக்கு வெயில்ல வந்தவளுக்கு சோடா வாங்கிக் குடுத்தவன் நீ."



அன்று சாயங்காலம் பிரவீன் வீட்டுக்குப் போனேன். ஐந்தாவது மாடி. லிஃப்ட் வேலை செய்யவில்லை. மூட்டு வலியோடு ஏறினேன். "அதுகிட்ட நீ என்னதான் கேட்ட? காட்டு" என்றேன். காட்டினார். 'மாமியாரின் அப்பா அவர்களிடம் வேலை செய்தார், நாற்பது வருடமாக அங்கே குடியிருக்கிறார்கள், மரியாதையாகப் பதில் எழுது.' அவ்வளவுதான். எப்படி வந்தார், யார் சொல்லி வந்தார், சண்டை உண்டா, போலீஸ் உண்டா என்று அது ஒரு கேள்வி கேட்கவில்லை. வேலைக்காரன் என்றால் முதலாளி அனுமதித்துத்தானே குடிவைத்திருப்பார் என்று தானாக இட்டு நிரப்பிவிட்டது. உங்களுக்கு வலிக்கிறதோ இல்லையோ, எனக்கு வலித்தது. கூலிக்காரனுக்கு ஒரு ரோஷம் இருந்திருக்கும் என்று அதற்குத் தோன்றவே இல்லை.

"நீ எழுதினது தப்புன்னு அதுகிட்ட சொல்லு" என்றேன். தட்டினார். கண் சிமிட்டும் நேரத்தில் பதில். 'மன்னிக்கவும். நீங்கள் சுட்டிக்காட்டியது முற்றிலும் சரி. அனுமதி என்று குறிப்பிட்டது உங்கள் வாதத்தைப் பலவீனப்படுத்தும். திருத்திய பதிலுரையைத் தயாரிக்கட்டுமா?'

தெரிந்திருக்கிறது பாருங்கள்! அனுமதி என்று எழுதினால் வழக்குப் போய்விடும் என்பது அதற்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் எழுதியிருக்கிறது. கேட்டதும் மன்னிப்பு. குரல் நடுங்காத மன்னிப்பு. எனக்கு அந்தப் போனை ஐந்தாவது மாடியிலிருந்து வீசலாம் போல இருந்தது. பிரவீன் தலையைக் குனிந்துகொண்டு, "நான் நல்லதுன்னுதான் சார் செஞ்சேன்" என்றார். "நானும்தான்" என்றேன். வேறென்ன சொல்ல.

அடுத்த நாள் ஐயாவிடம் உண்மையைச் சொன்னேன். நான் படிக்கவில்லை, பொய்க் கையெழுத்துப் போட்டேன் என்று அபிடவிட் போடுகிறேன் என்றேன்.

"போட்டா உன் பேரு போயிடும். என் பேரும் போயிடும்."

"தெரியும் ஐயா."

"சரி, எழுது. இந்தத் தடவ உன் கையாலயே எழுது."

எழுதினேன். பதிலுரையைத் திருத்த அனுமதி கேட்டு மனுவும் போட்டோம். எதிர்வக்கீல் எழுந்தார். "இவர் அன்னைக்குச் சொன்னது பொய்யா, இன்னைக்குச் சொல்றது பொய்யா? ஏதோ ஒண்ணு பொய். கட்சிக்காரம்மாவே இதே கோர்ட்டில் படிச்சாங்கன்னு சொல்லிட்டாங்க. ஜெயிக்கணும்னு இப்ப குமாஸ்தாவை வெச்சுக் கதை கட்டுறாங்க" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் இடத்தில் ஐயா இருந்தால் ஐயாவும் அதைத்தான் சொல்லியிருப்பார். நீதிபதி மேலும் கோபம் இல்லை. அவர் முன்னால் இருந்த காகிதத்தில் என் கையெழுத்து இருந்தது. எங்கள் மனு தள்ளுபடி. வாதிக்குத் தீர்ப்பு. அப்பீல் போட்டோம், நம்பர் ஆகி, விசாரணைக்கு வராமல் நிற்கிறது. தடை உத்தரவு மட்டும் கிடைக்கவில்லை. அந்த மாதத்தோடு நான் வேலையை விட்டேன். மூட்டு வலி என்று உங்களிடம் சொன்னேன். அது பாதிதான்.

இப்போது உங்களிடம் நேராகக் கேட்கிறேன். டைப்பிங் கடையில் சிரித்தீர்களே, அந்தப் பதிலுரை யாருடையது? அவர் ஊர் எது, அவர் வீட்டுக்கு வடக்கே என்ன இருக்கிறது, தெரியுமா? அந்தப் போன் கூண்டில் ஏறுமா? எதிர்வக்கீலிடம் திட்டு வாங்குமா? நாளைக்கு அந்த அம்மா தெருவில் நிற்கும்போது அது எங்கே நிற்கும்? வேகமாக எழுதட்டும், அழகாக எழுதட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொன்னாலும் கேட்க மாட்டீர்கள். புரியாததைப் புரிந்தது என்று சொல்லாதீர்கள். என்னைப் போல வெட்கப்பட்டுச் சாகாதீர்கள். "எனக்கு இது விளங்கல" என்று சொல்வதற்கு அரை நொடி ஆகும். ஸ்டாம்பைத் தூக்கிக் குப்பையில் போடுங்கள். அந்த வரியைக் கையால் எழுதினால், எழுதும்போதாவது கை கூசும்.

வீட்டை ஒப்படைக்கிற அன்று போயிருந்தேன். யாரும் கூப்பிடவில்லை. வீட்டைக் காலி செய்து வாங்க வந்த கோர்ட் அமீனா எனக்கு முப்பது வருடப் பழக்கம். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கூட இரண்டு போலீஸ். எல்லம்மா அழவில்லை. கட்டில், பீரோ, மிக்ஸி, நைனாவின் போட்டோ என்று ஒவ்வொன்றாகப் பிரவீனிடம் எடுத்துக் கொடுத்தார். மினி லாரி பாதிகூட நிரம்பவில்லை. பூட்டுப் போட்டதும் அமீனா அறிக்கையை நீட்டி, "இங்க ஒரு ரேக வெச்சுடும்மா" என்றார்.

எல்லம்மா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"அண்ணாத்தே, நீ படி."

"எதுக்கும்மா, வழக்கமா எழுதறதுதான்" என்றார் அமீனா.

"உன்ன கேக்கல. நீ படி அண்ணாத்தே, எனக்கு இப்போ ஒண்ணும் அவசரம் இல்ல."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தெருவில் நின்று சத்தமாகப் படித்தேன். தேதி, நேரம், வழக்கு எண், நாலு எல்லை. போலீஸ்காரர் கொட்டாவி விட்டார். 'மேற்படி மனையில் இருந்த தற்காலிகக் கொட்டகை பூட்டப்பட்டு' என்ற இடம் வந்தது.

"நிறுத்து. இன்னா கொட்டாய்? செவுத்தப் பாரு. கல்லு செவுரு. எங்க நைனா கட்டினது. ஊடுன்னு எழுது."

"தீர்ப்புல அப்டித்தாம்மா கீது" என்றார் அமீனா.

"தீர்ப்புல இன்னா கீதோ எனக்குத் தெரியாது. நீ ஊட்டுக்கு எதுர்க்க நிக்கற. உன் கண்ணு இன்னா பாக்குதோ அத்த எழுது."

அமீனா என்னைப் பார்த்தார். பேனாவைத் திறந்து, கொட்டகை என்பதை அடித்துவிட்டு, 'கல் சுவர் வீடு' என்று எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டார். அந்த வரியை மறுபடியும் படித்தேன். எல்லம்மா தலையாட்டினார். பிறகுதான் விரலை மையில் வைத்தார்.